வண்டி செல்ஃப் எடுக்கவில்லையா? புது பேட்டரி வாங்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

சாரல் காலத்தில் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கம் வெளியில் நிற்கிற கார்களுக்கு இந்தத் தொல்லை சகஜம். நான் சொல்வது இன்ஜின் சுற்றவே சுற்றாத வண்டிக்கு. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அது பெட்ரோல், ஸ்பார்க் சமாச்சாரம், வேறு கதை.

முதலில் காதைக் கொடுங்கள். சாவியைத் திருகியதும் 'டிக்டிக்டிக்' என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு 'டக்' என்றால் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் போதவில்லை, இல்லை மோட்டாரே போயிருக்கலாம். சத்தமே இல்லையா? கிளட்சை முழுசாக மிதித்துப் பாருங்கள், அப்புறம் பியூஸ், ரிலே. டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னிக்கொண்டே இருந்தால் வண்டிக்குச் சாவி அடையாளம் தெரியவில்லை என்று அர்த்தம், வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர். டெஸ்ட் லாம்ப் எனக்குப் பிடிக்காது. கரண்ட் வருகிறதா என்று சொல்லும், எவ்வளவு குறைகிறது என்று சொல்லாது. சாதா டிஜிட்டல் மீட்டரே போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி ஃபுல். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். ஃபுல் சார்ஜில் இருந்தும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால்தான் புது பேட்டரியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பேட்டரி சரி, டெர்மினலும் சுத்தம், ஆனாலும் 'டக்'. இந்த இடத்தில்தான் "செல்ஃப் மோட்டாரை மாத்திடலாம்" என்பார்கள், என் வண்டிக்கும் சொன்னார்கள். மாற்றாதீர்கள், எர்த்தைப் பாருங்கள், அதாவது பேட்டரி மைனஸிலிருந்து பாடி வழியாக இன்ஜினுக்குப் போகும் இணைப்பை. கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் ஈயக் குமிழிலேயே வையுங்கள், அதைக் கவ்வியிருக்கும் ஒயர் கிளாம்பில் வைக்கக் கூடாது, கோளாறே அவை இரண்டுக்கும் நடுவில் இருக்கலாம். மற்ற முனை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். இப்போது ஒருவர் சாவியைத் திருகிப் பிடிக்க வேண்டும். கரண்ட் ஓடாமல் பார்த்தால் எல்லாம் சரி என்பது போலப் பூஜ்யம்தான் காட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த்தில் குறையில்லை. என் வண்டியில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர் மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது, போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைப் பொடியும் துருவும். பேட்டரி மைனஸை முதலில் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள்.

எர்த் சரியாக இருந்தால் பிளஸ் குமிழுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் நடுவில் இதே மாதிரி பாருங்கள், அங்கே 0.5 வரை பரவாயில்லை.

பின்சேர்க்கை: புனலூர் நண்பர் ஒருவர் ஆட்டோமேட்டிக் வண்டியைப் பற்றிக் கேட்டார். 'பி'-யில் (பார்க்கிங்) சத்தமே வராவிட்டால் பிரேக்கை மிதித்தபடி 'என்'-னுக்கு (நியூட்ரல்) மாற்றித் திருகிப் பாருங்கள். எடுத்துவிட்டால், கியர் எதில் இருக்கிறது என்று காட்டும் சுவிட்சில்தான் கோளாறு.

புளியரை எஸ் வளைவில் மழையோடு நின்றுவிட்டது, மீட்டரும் இல்லை என்றால், ஜம்பர் கேபிளில் ஒன்றை உங்கள் பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜின் இரும்புக்குக் கொடுத்து, ஃபேன், பெல்ட் பக்கம் கேபிள் போகாமல் ஒதுக்கிவிட்டுச் சாவியைத் திருகுங்கள். செல்ஃப் எடுத்தால் எர்த் ஒயர்தான் குற்றவாளி, வண்டியை அணைக்காமல் ஊர் போய்ச் சேருங்கள்.