கேரவனில் குமரிக்கு வருகிறீர்களா? ஒரு நாளைப் பறவைகளுக்கு ஒதுக்குங்கள்

படுக்கை, அடுப்போடு கேரவன் வேனில் குமரி மாவட்டம் வருபவர்கள் சூரிய உதயம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே சுசீந்திரம், தேரூர் குளங்கள் இருக்கின்றன. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம் இது. டிசம்பர், ஜனவரியில் வந்தால் வலசைப் பறவைகளையும் பார்க்கலாம்.

விடியும்போதே குளத்தில் இருங்கள். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுப் பக்கம் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பு நிழல்தான். தாமரை இலைகளுக்கு நடுவே நீலத்தாழைக்கோழி நடப்பதை நிதானமாகப் பாருங்கள், அவ்வளவு அழகு!

முக்கியமான விஷயம், பெரிய வண்டியைக் குளத்தங்கரைக்குள் விடாதீர்கள். கரை குறுகல், திருப்ப இடம் கிடைக்காது. சுசீந்திரத்தில் நிறுத்திவிட்டு ஆட்டோவில் போவது நல்லது. சாலையோரம் பாதுகாப்பாக ஒதுங்க இடம் இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமல் ஜன்னல் வழியே பாருங்கள். நடந்து வரும் ஆளைக் கண்டால் பறக்கும் கொக்கும் நாரையும், அசையாத வண்டியை அவ்வளவாகப் பொருட்படுத்தாது.

அப்புறம் மணக்குடி. பழையாறு கடலில் சேரும் இடம். கடல் நீர் வடியும் நேரத்தில் சேற்றுத்திட்டில் உள்ளான் என்னும் கரைப்பறவைகள் இரை தேடும், நீர் ஏறும்போது பல பறவைகள் உப்பளப் பக்கம் ஒதுங்கும். அதனால் நீர் ஏறி இறங்கும் ஓத நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். உப்பளத்துக்குள் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். வண்டியின் கழிவுநீரைத் தயவுசெய்து அங்கே திறந்துவிடாதீர்கள்.