விமான நிலையத்தில் பொருள் தொலைந்தால்: தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

"ஏர்போர்ட்டுக்கு மெயில் போட்டேன், எங்களிடம் இல்லை என்று பதில் வந்துவிட்டது." பொருளைத் தொலைத்துவிட்டு உதவி கேட்டு வருகிறவர்களில் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். பொருள் ஏதோ ஒரு அலமாரியில் பத்திரமாக இருக்கும். கேட்ட இடம்தான் தப்பாக இருக்கும். பதறாதீர்கள், பெட்டியில் பெயர் எழுதுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டு, நிஜமாகவே பொருளை இழக்க வைக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

## விமான நிலையம் முழுவதும் ஒரே அலுவலகம் என்று நினைப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இது. வெளியிலிருந்து பார்க்க ஒரே கட்டடம். உள்ளே நிலையத்தை நடத்தும் நிறுவனம், பாதுகாப்புச் சோதனைப் பிரிவு, ஒவ்வொரு விமான நிறுவனம், அவற்றுக்கு வேலை செய்யும் தரைச்சேவை ஒப்பந்ததாரர்கள், குடிவரவு, சுங்கம், கடைகள், லவுஞ்சுகள் என்று எல்லாம் தனித்தனி. கிடைத்த பொருளைப் பதியும் ஏடும் வைக்கும் அறையும் பெரும்பாலும் தனித்தனிதான். ஒருவர் பதிவேட்டை இன்னொருவர் பார்ப்பதில்லை.

பொருள் எங்கே விட்டுப்போனது என்பதை வைத்துத்தான் அது யார் வசம் இருக்கும் என்று சொல்ல முடியும். சோதனைத் தட்டில் விட்ட வாட்ச், பெல்ட், லேப்டாப் சோதனைப் பிரிவிடமோ நிலைய நிர்வாகத்திடமோ போகும். இது நாட்டுக்கு நாடு மாறும். உதாரணத்துக்கு, அமெரிக்காவில் சோதனை இடத்தில் விட்டதை, சோதனையை நடத்தும் அரசு அமைப்பான டி.எஸ்.ஏ.விடம் கேட்க வேண்டும். பத்தடி தள்ளி நாற்காலியில் விட்டதை நிலையத்தின் தொலைந்த பொருள் பிரிவில் கேட்க வேண்டும். கழிப்பறை, டிராலி, காத்திருப்பு நாற்காலி எல்லாம் நிலைய நிர்வாகம். இருக்கைப் பை, தலைக்கு மேலுள்ள பெட்டி என்றால் விமான நிறுவனம். போர்டிங் கேட் மட்டும் இரண்டுங்கெட்டான் இடம். அங்கே விட்டதை விமான நிறுவன ஊழியரும் எடுத்திருக்கலாம், துப்புரவுப் பணியாளரும் எடுத்திருக்கலாம். இரண்டு பக்கமும் கேளுங்கள்.

ஒருவர் விமானத்தில் டேப்லெட்டில் படம் பார்க்கிறார். வீடு போய்ச் சேர்ந்ததும் அது இல்லை என்று தெரிகிறது. நிலையத்தின் தொலைந்த பொருள் பிரிவுக்கு மட்டும் எழுதுகிறார். இரண்டு நாளில் "எங்களிடம் இல்லை" என்று பதில் வருகிறது, அதோடு தேடலை விட்டுவிடுகிறார். அந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் "எங்களிடம் இல்லை" என்பதற்கு "எங்கேயும் இல்லை" என்று அர்த்தம் கிடையாது. டேப்லெட் இருக்கைப் பையில் இருந்தால் அது நிலைய நிர்வாகத்தின் கைக்கு வந்திருக்கவே வாய்ப்பு குறைவு.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. விமானம் அங்கேயே நிற்காது. பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சுத்தம் செய்து அடுத்த ஊருக்குப் பறந்துவிடும். அவசரச் சுத்தத்தில் கண்ணில் படாத பொருள் அடுத்த ஊரிலோ, இரவு விரிவான சுத்தம் நடக்கும் ஊரிலோதான் கிடைக்கும். விமானத் தடம் காட்டும் தளங்களில் உங்கள் ஃப்ளைட் எண்ணையும் தேதியையும் போட்டால், அந்த விமானத்தின் பதிவு எண்ணும் அது அடுத்துச் சென்ற ஊர்களும் பெரும்பாலும் தெரியும். புகாரில் அவற்றையும் உங்கள் இருக்கை எண்ணையும் சேர்த்து, அந்த ஊர்களிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சரியான வழி இதுதான்: பொருளைக் கடைசியாகக் கையில் பார்த்த இடம் ஒன்று, இல்லை என்று தெரிந்த இடம் ஒன்று, இரண்டையும் எழுதுங்கள். நடுவில் கடந்த ஒவ்வோர் இடத்தையும் எழுதுங்கள்: இருக்கை, குடிவரவு வரிசை, பெட்டி வரும் பெல்ட், சுங்க எக்ஸ்ரே, டிராலி, டாக்ஸி. ஒவ்வொன்றும் யார் பொறுப்பு என்று பக்கத்தில் குறித்து, அத்தனை பேரிடமும் அன்றைக்கே புகார் கொடுங்கள். ஒவ்வொரு புகாருக்கும் எண் வாங்குங்கள். சோதனை இடத்திலோ கடையிலோ கிடைத்தது மைய அறைக்கு வந்து பதிவாகச் சில நாள் ஆகலாம். அதனால் முதல் நாள் "இல்லை" என்றவர்களிடம் மூன்று நாள் கழித்து மறுபடி கேளுங்கள். எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதையும் முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். அந்த நாள் கடந்தால் பொருள் ஏலத்துக்கோ தானத்துக்கோ குப்பைக்கோ போகும்.

## "கறுப்பு லேப்டாப் பை"

புகாரில் இப்படி எழுதினால் போதாது. தொலைந்த பொருள் அறையில் கறுப்புப் பைகள் நிறைய இருக்கும். நிறுவனப் பெயர், மாடல், சீரியல் எண், ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், கிழிசல், உள்ளே இருக்கும் சார்ஜர், மூக்குக்கண்ணாடி உறையின் நிறம் என்று எழுதுங்கள். ஃபோன் என்றால் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு ஃபோனுக்கும் உள்ள தனி அடையாள எண்) அதன் பெட்டியிலும் பெரும்பாலும் ரசீதிலும் இருக்கும். ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் எழுதாமல் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க அது உதவும்.

செக்-இன் பெட்டிக்கும் இதேதான். டேக் கிழிந்து போன பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை வைத்துத்தான் உரியவரைத் தேடுவார்கள். "துணிகள்" என்று எழுதிக் கொடுத்தால் யாருக்கும் பயனில்லை.

## பெட்டி வரவில்லை என்று வீட்டுக்குப் போய்ப் புகார் கொடுப்பது

பெல்ட் பகுதியை விட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவனத்தின் பேக்கேஜ் கவுண்டரில் பி.ஐ.ஆர். (பெட்டி வரவில்லை, சேதமாகிவிட்டது என்று பதியும் புகார்ப் படிவம்) பதிவு செய்யுங்கள். இரண்டு மூன்று நிறுவன விமானங்களில் மாறி வந்திருந்தால், கடைசியாகக் கொண்டுவந்த நிறுவனத்திடம் போங்கள். அவர்கள் தரும் எண்ணில் பொதுவாக பத்து எழுத்து இருக்கும்: நிலையத்தின் மூன்றெழுத்து, நிறுவனத்தின் இரண்டெழுத்து, ஐந்து இலக்கம். போர்டிங் பாஸையும் டேக் ஒட்டுச்சீட்டையும் படம் எடுத்து வையுங்கள்.

ஆனால் பி.ஐ.ஆர். எடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அது தேடுவதற்கான பதிவு. இழப்பீட்டுக் கோரிக்கையைத் தனியாக எழுத்தில் கொடுப்பதுதான் பாதுகாப்பு. 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பன்னாட்டுப் பயணங்களில், சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதம் என்றால் கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத வேண்டும். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராவிட்டால் அதைத் தொலைந்ததாகவே வைத்து உரிமை கோரலாம். வழக்குக்கு 2 ஆண்டு வரம்பு. இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். இது பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) கணக்கு அலகு. அன்றைய மாற்று விகிதத்தில் உங்கள் நாணயத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். கையோடு கொண்டுபோன பொருளுக்கு, விமான நிறுவனத்தின் தவறால் போனது என்றால்தான் பொறுப்பு. இருக்கையில் நீங்களே மறந்துவிட்டதற்கு இழப்பீடு எதிர்பார்க்காதீர்கள், தேடச் சொல்லுங்கள்.

உங்களுடையதைப் போன்ற பெட்டி ஒன்று மட்டும் பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறதா? எடுக்காதீர்கள், கவுண்டரில் காட்டுங்கள். உங்கள் பெட்டியைத் தவறுதலாகக் கொண்டுபோனவர் யார் என்று, பெல்ட்டில் மிஞ்சிய அந்தப் பெட்டியின் டேக்கிலிருந்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

## தொலைந்த ஃபோனைக் கணக்கிலிருந்து நீக்குவது

உங்கள் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கிலிருந்து அதை நீக்காதீர்கள். "தொலைந்தது" நிலையில் வைத்து, திரையில் வேறொரு எண்ணைக் காட்ட வையுங்கள். ஃபோன் கிடைத்துவிட்டது என்று லிங்க் அனுப்பிக் கடவுச்சொல் கேட்டால் அது மோசடி.

## டிராக்கர் புள்ளியைப் படமெடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருப்பது

பெட்டியில் வைத்த டிராக்கர் (இருப்பிடம் காட்டும் சிறு கருவி) வரைபடத்தில் காட்டும் புள்ளியைப் படமெடுத்தால், அனுப்பிய நிமிடமே அது பழசாகிவிடும். ஆப்பிள் ஐஃபோனின் ஐ.ஓ.எஸ். 18.2இலிருந்து இருப்பிடத்தைக் காட்டும் லிங்க்கைப் பகிரும் வசதி இருக்கிறது. சில விமான நிறுவனங்கள் அதை நேரடியாகவே ஏற்கின்றன. 7 நாளில் அது காலாவதியாகும், புதிதாக எடுத்து அனுப்புங்கள்.

## பாஸ்போர்ட்டைத் தேடாமலே தொலைந்ததாக அறிவிப்பது

பாஸ்போர்ட் வழங்கிய அலுவலகத்தில் அப்படிப் பதிவானால் அது ரத்தாகும், இன்டர்போலின் தரவுத்தளத்துக்கும் போகக்கூடும். பிறகு கிடைத்தாலும் அதை வைத்துப் பயணம் செய்ய முடியாது. நீங்கள் இன்னும் நிலையத்துக்குள் இருந்தால் கேட், சோதனை இடம், குடிவரவு மூன்றிலும் முதலில் கேளுங்கள். திருட்டு என்று சந்தேகம் இருந்தால் மட்டும் தாமதிக்க வேண்டாம்.

## "கூரியரில் அனுப்பிவிடுங்கள்"

பொருள் கிடைத்துவிட்டது என்றதும் பலர் இப்படிக் கேட்கிறார்கள். ஆனால் லித்தியம் பேட்டரி உள்ள பொருளை எல்லாக் கூரியரும் எடுப்பதில்லை. பவர் பேங்க்கைப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். அந்த ஊரில் தெரிந்தவர் இருந்தால் அவரை அனுப்புவது எளிது. நீங்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், உங்கள் அடையாள அட்டையின் நகல், அவருடைய அசல் அடையாள அட்டை, புகார் எண் ஆகியவற்றோடு அவர் போகட்டும். வேறென்ன ஆவணம் வேண்டும், அறை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதை முன்கூட்டியே கேட்டு அவருக்குச் சொல்லிவிடுங்கள்.