நகலானது பெயரா, விலாசமா?

சி மொழியில் ஒரு ஃபைலிலிருந்து நாற்பது பெயர்களைப் படித்து அரேயில் (வரிசையாக அடுக்கிய அறைகளில்) போட்டேன். பிரிண்ட் செய்து பார்த்தால் நாற்பது வரியிலும் கடைசி ஆளின் பெயர்தான். ஃபைலைச் சந்தேகப்பட்டேன், லூப்பைச் சந்தேகப்பட்டேன், அரைநாள் போனது. எல்லா வரியையும் ஒரே பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) படித்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் 'பெயர்[ஐ] = வரி' என்று எழுதியிருக்கிறேன். அரேக்குள் போனது பெயர் அல்ல, பஃபரின் முகவரி. நாற்பது அறையிலும் ஒரே விலாசம்; கடைசியாகக் குடிவந்தவரே எல்லாக் கதவையும் திறக்கிறார்.

ஸ்டிரிங் (எழுத்துச் சரம்) அரேயை நகலெடுக்கும்போது நடக்கும் பல குளறுபடிகள் இதன் உறவினர்களே. 'கேர் *பெயர்[40]' என்றால் நாற்பது பாயிண்டர்கள், அதாவது முகவரிகள் மட்டும். 'கேர் பெயர்[40][20]' என்றால் எழுத்துகளுக்கே இடம், மொத்தம் 800 பைட். இந்த இரண்டாவது வகையை மெம்காப்பி (பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் ஃபங்ஷன்) போட்டு ஒரே மூச்சில் நகலெடுக்கலாம். முதல் வகையில் அதையே செய்தால், வழக்கமான 64 பிட் கணினியில் 320 பைட் முகவரிகள்தான் நகலாகும். மூலத்தில் ஒரு பெயரைத் திருத்தினால் நகலிலும் திருந்தியிருக்கும். மூலத்தின் பெயர்களை ஃப்ரீ செய்துவிட்டால் (நினைவிடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால்) நகல் காலி மனையைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் தனியாக மாலாக் செய்து (நினைவிடம் கேட்டு வாங்கி), ஸ்ட்ர்காப்பி போட்டு எழுத்துகளை அதில் நகலெடுக்க வேண்டும். இங்கேதான் ஒரு பைட் பஞ்சாயத்து: நீளத்தை எண்ணும் ஸ்ட்ர்லென் தரும் கணக்கில், ஸ்டிரிங் முடிந்தது என்று காட்டும் பூஜ்ஜிய பைட் சேராது. கூட ஒன்று கேட்காமல் விட்டாலும் சோதிக்கும்போது பெரும்பாலும் ஓடிவிடும், அதுதான் ஆபத்து. இடம் வாங்கி நகலெடுப்பது இரண்டையும் செய்யும் ஸ்ட்ர்டப் இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். யுனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரத்தில் வெகுகாலமாக இருந்தது, சி23இல் மொழித் தரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. எதில் செய்தாலும் நாற்பதையும் தனித்தனியாக ஃப்ரீ செய்தாக வேண்டும்.

இன்னொன்று: ஃபங்ஷனுக்கு அனுப்பிய அரேயை உள்ளே சைஸ்ஆஃப் (எத்தனை பைட் என்று சொல்வது) கேட்டு அளக்காதீர்கள். அங்கே அது வெறும் பாயிண்டர், 8 என்றுதான் சொல்லும். எண்ணிக்கையைக் கூடவே அனுப்புங்கள்.

இத்தனை பைட்டுக்கு மேல் எழுதாதே என்று வரம்பு வைக்கும் ஸ்ட்ர்என்காப்பி பாதுகாப்பானது என்று பலர் சொல்வதை நான் நம்புவதில்லை. தமிழில் ஊர்ப்பெயர் வைத்தால் காரணம் தெரியும். 'மதுரை' பார்வைக்கு மூன்றெழுத்து. எழுத்துகளைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து. தலைக்கு 3 பைட், ஆக 15, முடிவோடு 16. 'கேர் ஊர்[5][10]' என்ற அரேயில் ஸ்ட்ர்காப்பி போட்டால் அடுத்த வரிசையின் மேல் ஏறிவிடும். ஸ்ட்ர்என்காப்பியில் 10 என்று கொடுத்தால் 'மது' வரை 9 பைட், பத்தாவதாக 'ர'வின் முதல் துண்டு. முடிவு பைட்டுக்கு இடமே இல்லை, அது வைக்கவும் வைக்காது. பிரிண்ட் செய்தால் 'மது', ஒரு கேள்விக்குறிக் கட்டம், அதன் வாலில் அடுத்த வரிசையில் இருக்கும் ஊர்.