செகண்ட் ஹேண்ட் எஸ்யுவி வாங்கியிருக்கிறீர்களா? ரீகால் பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பது இப்படித்தான்

மூன்று வருடத்துக்கு முன்னால் ஏழு பேர் உட்காரும் எஸ்யுவி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டயர், பேட்டரி, கிளட்ச், இன்ஷூரன்ஸ் என்று மெக்கானிக்கை வைத்து ஒன்றுவிடாமல் பார்த்தவன், அந்த வண்டிக்கு ஒரு ரீகால் வேலை பாக்கி இருப்பதை எட்டு மாதம் கழித்து, அதுவும் ஏசி வேலைக்காக சர்வீஸுக்கு விட்டபோதுதான் தெரிந்துகொண்டேன். தகவல் எல்லாம் பழைய ஓனர் நம்பருக்கே போயிருக்கிறது, அவர் கண்டுகொள்ளவில்லை.

ரீகால் என்றதும் வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருவார்கள் என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பில் நேர்ந்த ஒரு குறையை கம்பெனியே கூப்பிட்டு, பார்த்து, காசு வாங்காமல் சரிசெய்து தருவது, அவ்வளவுதான்.

படி 1: தயாரான மாதத்தைப் பாருங்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். மஹிந்திரா எக்ஸ்யூவி700-ஐ எடுத்துக்கொள்வோம். 2022 கடைசியில் 12,566 வண்டிகளைக் கூப்பிட்டார்கள். கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் என்ற கூட்டுக்குள் இருக்கும் ரப்பர் பெல்லோவில் (மடிப்பு மடிப்பான ரப்பர் உறை) அளவு பிசகியிருக்கலாம் என்பது காரணம். 2022 ஜூலை 1 முதல் நவம்பர் 11 வரை தயாரானவை மட்டும். 2023 ஆகஸ்டில் வந்தது பெரியது: 1,08,306 வண்டிகள், 2021 ஜூன் 8 முதல் 2023 ஜூன் 28 வரை தயாரானவை. என்ஜின் பகுதியில் வயரிங் உரசி அறுபட வாய்ப்பு இருந்தது.

இந்தத் தேதிகள் எல்லாம் தயாரிப்புத் தேதிகள், ரெஜிஸ்ட்ரேஷன் தேதி இல்லை. 2022 டிசம்பரில் ரெஜிஸ்டர் ஆன வண்டி அக்டோபரிலேயே தொழிற்சாலையை விட்டு வந்திருக்கலாம். ஆர்சியில் தயாரிப்பு மாதமும் வருடமும் தனியாக இருக்கும், அதைப் பாருங்கள்.

படி 2: சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள்

ஆர்சியில் இருக்கும் 17 எழுத்து சேஸிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு, கம்பெனி இணையதளத்தில் ரீகால் பக்கம் இருந்தால் அங்கே போடுங்கள். இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டருக்கு போன் செய்து நம்பரைச் சொன்னால் அவர்கள் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வார்கள். ஒரு சின்ன விஷயம்: இந்த நம்பரில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது, வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான். இது தெரியாமல் நான் மூன்று தடவை தப்பாகப் போட்டேன்.

பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டி வாங்குகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. டகாடா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக்குகளின் பிரச்சினை கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஏர்பேக்கை ஊத வைக்கும் அம்மோனியம் நைட்ரேட், சூட்டிலும் ஈரக்காற்றிலும் வருடக்கணக்கில் கெட்டுப்போய், விபத்தில் வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைத் தெறிக்கவிட்டது. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஓடிய வண்டிக்கு இது வெறும் அமெரிக்கச் செய்தி இல்லை.

படி 3: ரீகால் இல்லை, ஆனால் தொல்லை இருக்கிறது

எல்லாத் தொல்லையும் ரீகாலில் வராது. டச் ஸ்கிரீன் உறைந்து நிற்பது, சஸ்பென்ஷனில் கடகடவென்று சத்தம், இதெல்லாம் வாரண்டி கணக்கு. டீசல் வண்டியில் டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு எரிந்தால் பாதி நேரம் அது குறையே இல்லை, தினமும் இரண்டு கிலோமீட்டர் ஸ்கூலுக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டினால் ஃபில்டரில் கரி சேரத்தான் செய்யும், மேனுவலில் சொன்னபடி ஹைவேயில் கொஞ்ச நேரம் சீராக ஓட்டினால் அந்தக் கரி பெரும்பாலும் எரிந்து போய்விடும்.

சர்வீஸில் "சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில், என்ஜின் சூடாக இருக்கும்போதா, பிரேக் மிதிக்கும்போதா என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். போனில் வீடியோவும் இருக்கட்டும், ஏனென்றால் அங்கே போனதும் சத்தம் நின்றுவிடும், "எங்களுக்கு வரலை சார்" என்று வண்டியைத் திருப்பித் தருவார்கள்.

படி 4: பாதுகாப்புக் குறை என்றால் புகார்

பிரேக், ஸ்டியரிங், தீ, ஏர்பேக் சம்பந்தப்பட்டது, கம்பெனியும் அசையவில்லை என்றால், மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் ரீகால் புகார் பதியலாம். ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டியாக இருக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1-லிருந்து இதற்கான விதிகள் நடப்பில் இருக்கின்றன, அரசே உத்தரவிடும் கட்டாய ரீகாலுக்குப் போனால் கம்பெனிக்கு 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். உங்கள் ஒரு புகாருக்கு நாளைக்கே ஆள் வரப்போவதில்லை. ஒரே மாடலுக்குப் பல பேர் எழுதினால்தான் எண்ணிக்கை ஏறும், அதனால் எழுதிவிடுங்கள்.

படி 5: வேலை முடிந்த பிறகு

பில் பூஜ்யம் ரூபாய் என்றாலும் கேட்டு வாங்குங்கள், நாளைக்கு வண்டியை விற்கும்போது உதவும். அப்படியே உங்கள் மொபைல் நம்பரைக் கம்பெனி பதிவில் மாற்றச் சொல்லுங்கள். என் வண்டிக்கு அந்த மாற்றம் இரண்டே நிமிட வேலை, அதை மட்டும் வாங்கிய அன்றே செய்திருந்தால் எட்டு மாதம் தெரியாமல் ஓட்டியிருக்க மாட்டேன்.