ஜெனரேட்டர் வாங்கும் முன் மோட்டாரைப் பாருங்கள்

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோர ஊர்கள் பலவற்றில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்கப்புறம் திருநெல்வேலிப் பக்கம் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். லைட், ஃபேன், செல்போன் சார்ஜ் மட்டும் போதுமென்றால் இன்வெர்ட்டரே போதும். நீண்ட நேரம் ஃப்ரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் ஓட வேண்டுமா, அப்போதுதான் ஜெனரேட்டர்.

கணக்கில் கோட்டை விடுவது மோட்டாரில்தான். 1 ஹெச்பி என்பது 746 வாட். ஆனால் ஓடும்போது அது இழுப்பது சுமார் 1,000 வாட். கிளம்பும் நொடியில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேலும் போகும். ஃப்ரிட்ஜுக்கும் இதே குணம் உண்டு. ஜெனரேட்டரில் 2 கேவிஏ (2,000 வோல்ட்-ஆம்பியர்) என்று எழுதியிருந்தாலும், பவர் ஃபேக்டர், அதாவது அதில் வாட்டாகக் கிடைக்கும் பங்கு, 0.8 என்றால் கையில் கிடைப்பது 1,600 வாட்தான். அது 1 ஹெச்பி மோட்டாரைக் கிளப்பத் திணறும். கடைக்காரர் "எல்லாம் ஓடும் அண்ணாச்சி" என்பார். உங்கள் மோட்டாரின் தகட்டைப் போட்டோ எடுத்துக் காட்டி, அதே அளவு மோட்டாரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மழை என்று வீட்டுக்குள்ளோ மூடிய வராண்டாவிலோ ஓட்டவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். ஜன்னலை விட்டுத் தள்ளி, நனையாத திறந்த இடத்தில் வையுங்கள். வீட்டு ஒயரிங்கில் இணைப்பதானால் எலெக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள்; லைன் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சுவிட்ச் அது. இல்லையென்றால் ஜெனரேட்டர் கரண்ட் வெளி லைனுக்குப் போய், கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கும்.

சும்மா கிடந்தால் பெட்ரோல் கெட்டு கார்புரேட்டர் அடைக்கும். மாதம் ஒருமுறை ஃபேனாவது மாட்டிப் பத்து நிமிடம் ஓட்டி வையுங்கள்.