வெள்ளை பூத்த வயலை மீட்கும் முறை

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை கடலை ஒட்டிய ஊர்களில், கோடையில் வரப்போரம் உப்பு வெள்ளையாகப் பூத்துவிட்டால், பலரும் உடனே ஜிப்சம் மூட்டையை இறக்கிவிடுகிறார்கள். உவர் நிலமும் களர் நிலமும் ஒன்றல்ல. உவரில் உப்பு அதிகம். களரில் சோடியம் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடுகிறது. ஜிப்சத்திலுள்ள கால்சியம் அந்தச் சோடியத்தைக் கழற்றிவிடும்; அதனால் அது களருக்குத்தான் மருந்து.

முதலில் இதைச் செய்து பாருங்கள். கண்ணாடி டம்ளரில் மழைநீரை ஊற்றி, கொட்டைப்பாக்கு அளவுள்ள காய்ந்த மண்கட்டியை மெதுவாகப் போட்டு, கலக்காமல் ஓர் இரவு வைத்திருங்கள். கட்டி உடைந்து அடியில் படிந்து நீர் தெளிவாக இருந்தால், சோடியக் கோளாறு பெரிதாக இல்லை. விடிந்த பின்னும் பால் கலந்தாற்போல் கலங்கியே இருந்தால் களர் என்று சந்தேகிக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீர் இதற்கு ஆகாது, அதிலுள்ள உப்பே மண்ணைப் படியவைத்துவிடும். இது அடையாளம் மட்டுமே. பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை மண்ணெடுத்துக் கலந்து, அரைக் கிலோவை மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல் போனால் களர்தான்.

உவரைக் கழுவுவது மழைநீர். ஐப்பசி மழைக்கு முன் அந்தத் துண்டை மட்டும் விதைக்காமல் விட்டு, உழுது சமன்செய்து, வரப்பை உயர்த்தி மழைநீரை நிறுத்துங்கள். உப்பு கரைந்ததும், அடுத்தவர் வயலுக்கோ கண்மாய்க்கோ போகாதபடி, ஓடைக்கு வடித்துவிடுங்கள். மூன்று நான்கு முறையாவது இப்படிச் செய்ய வேண்டும். களர் நிலமானால், பரிசோதனை சொல்லும் அளவு ஜிப்சத்தைத் தூவி மேலாக உழுத பிறகு நீரைத் தேக்க வேண்டும். ஒரு வருடம் வடிகால் வெட்டாமல் ஜிப்சம் மட்டும் போட்டோம். கழன்ற சோடியம் வெளியேற வழியில்லாமல் வயலிலேயே நின்றது, போட்ட பணமும் வீணானது.

நீர் வடிந்த ஈரத்தில் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தருணத்தில், ஏறத்தாழ 45 நாளில், தண்டு முற்றுவதற்குள் மடக்கி உழுங்கள். கிடை ஆடு கிடைத்தால், அறுவடைக்குப் பின் நான்கைந்து இரவு எருவுக்காக வயலில் அடைத்து அமர்த்துவது மிக நல்லது.

மிளகாய் அறுவடை முடிந்த வயலை வெறுமையாக விடாதீர்கள். வெயிலில் மேல்மண் காய்வதால் அடியிலுள்ள ஈரம் உப்போடு மேலேறி, நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கிவிடும். மிளகாய்ச் செடியையும் சருகையும் மூடாக்காகப் பரப்பினால் அந்த ஏற்றம் குறையும். கரிக்கும் போர்த் தண்ணீரைக் கோடையில் பாய்ச்சினால், மாரியில் கழுவிய உப்பு திரும்ப வந்து சேரும்.