ஆற்றங்கரையில் ஒரு வகுப்பறை: எங்கிருந்து தொடங்குவது?

சேர்வராயன் மலையில் பிறந்து, ஓமலூர் வழியாகக் காவிரிக்குப் போகிறது சரபங்கா. அதன் கரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடம் நடத்த ஆசைப்படும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. இடமும் அனுமதியும்
முப்பது மீட்டர் நீளம் போதும். ஆறு நீர்வளத்துறையின் பொறுப்பு, கரை பெரும்பாலும் புறம்போக்கு. அதனால் தலைமையாசிரியர் கடிதத்தோடு முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சாக்கடை கலக்கும் இடமானால் வேறு இடம் தேடுங்கள். சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாற்றில் பிள்ளைகளை இறக்கவே கூடாது.

2. வெள்ளக்கோடு
புதர்களில் சிக்கியிருக்கும் காய்ந்த சருகும் பிளாஸ்டிக்கும் போன வெள்ளம் ஏறிய உயரத்தைக் காட்டும். ஊர்ப் பெரியவர்களைப் பிள்ளைகளே கேட்கட்டும். "இந்தப் புங்கன் வேரு வரைக்கும் வந்துச்சு கண்ணு" என்று ஒரு பாட்டி காட்டிய இடத்தில்தான் நாங்கள் சுண்ணாம்புக் கோடு போட்டோம். உட்காரும் இடம் அதற்கு மேலேதான் இருக்க வேண்டும்.

3. சுத்தம் செய்வது
கையுறையும் செருப்பும் கட்டாயம். கண்ணாடித் துண்டு, ஊசி, சீமைக்கருவேல முள் எல்லாம் பெரியவர்கள் வேலை.

இங்கேதான் முதல் வருடம் தவறினேன். கரை பளிச்சென்று இருக்க வேண்டுமென்று புல், கோரை, நாணல் எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னேன். ஐப்பசி மழையில் சரிவு மண் கரைந்து ஆற்றோடு போனது. பிள்ளைகள் வாடி நின்றதைப் பார்க்க முடியவில்லை. குப்பையை மட்டும் எடுங்கள், புல்லைத் தொடாதீர்கள். மண்ணைப் பிடித்திருப்பது அதன் வேர்தான். சரிவில் சீமைக்கருவேலத்தைத் தோண்டினால், அன்றே அந்தக் குழியை மூடி வெட்டிவேர் வையுங்கள்.

4. நடவு
வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் நட்டால் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும். வெட்டிவேர் நாற்றுகளை 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில், சரிவுக்குக் குறுக்கே வரிசையாக வையுங்கள். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும், 2 மீட்டருக்கு மேலும் போகும். சரிவின் நடுவில் நொச்சி, மேலே நீர்மருது, புங்கன், நாவல். ஒரு கன்றுக்கு இரண்டு பிள்ளைகள் பொறுப்பு. கோடை விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை நடும் நாளிலேயே முடிவு செய்யுங்கள்.

5. இருக்கை
மர நிழலில் தட்டைக் கற்களைப் பிறை வடிவில் போட்டால் போதும். சிமெண்ட் வேண்டாம்.

6. முதல் பாடம்
கரையோரம் 10 மீட்டர் அளந்து இரு முனையிலும் முளைக்குச்சி அடியுங்கள். மேல்முனையில் ஒரு மாவிலையைக் கரை மேலிருந்தே ஆற்றில் வீசச் சொல்லுங்கள். 20 விநாடியில் கீழ்முனையைக் கடந்தால் மேல்நீரின் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். மூன்று முறை செய்து சராசரி எடுக்கட்டும். ஒரு பாட்டிலில் ஆற்றுநீரைப் பிடித்து அசையாமல் வையுங்கள். மறுநாள் அடியில் எத்தனை விரற்கடை வண்டல் படிந்தது என்று தேதி போட்டு எழுதட்டும். மழைக்கு முன் ஒரு பாட்டில், மழைக்குப் பின் ஒரு பாட்டில்.